நால்வரில் மூவர் மிச்சம்: இணையத்தில் பிரிட்ஜ் ஆட எந்தத் தளம் நல்லது?

திருச்சி_தெற்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் 27 ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் நாங்கள் நால்வர் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடினோம். நாற்காலிகளுக்குத் திசைகளே பெயர், எதிரெதிரே அமர்பவர்கள் ஒரு அணி. அந்த அறையில் ஒரே மின்விசிறி. அதன் காற்று கிழக்கில் அமர்ந்தவருக்கு மட்டும்தான் வரும். ஆகவே சீட்டுக் கலைப்பதற்கு முன்பே கிழக்கு நாற்காலிக்கு ஒரு ஏலம் நடந்துவிடும். போன ஆண்டு அந்தக் கிழக்கு காலமாகிவிட்டார். மேற்கு மகள் வீட்டோடு டல்லாஸில் இருக்கிறார். வடக்குக்கு முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியவில்லை. தெற்காகிய நான் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு தனியாளாகப் பேஷன்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

மூவரும் இணையத்தில் ஆடலாம் என்று பேசியிருக்கிறோம். நான்காவது நாற்காலியில் ஒரு கணினியை உட்காரவைக்க முடியும் என்று பேரன் சொல்கிறான். என்னிடம் இருப்பது ஒரு டேப்லெட். பணம் வைத்து ஆடும் எதுவும் வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் திட்டு வாங்கும் வயதும் எனக்கு இல்லை. வீட்டில் கிடைப்பதே போதும், மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் நின்று, "அந்த ராணியை ஏன் இப்போதே செலவழித்தீர்கள்?" என்று கேட்பாள்.

எந்தத் தளம்? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

ஐந்து_கிளப்

பி.பி.ஓ.தான். இழையைப் பூட்டிவிடலாம்.

மூன்றாம்_கை

பூட்ட வேண்டாம், ஐயா கேட்டதற்கு ஒரு வரி போதாது.

பி.பி.ஓ. என்பது பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன். கனடாவின் ஃபிரெட் கிட்டல்மன், தானும் பெரிய ஆட்டக்காரர், 2001இல் தொடங்கியது. அதற்கு முன்பே 1990இல் மேத்யூ க்ளெக் என்பவர் ஓகேபிரிட்ஜை உருவாக்கிவிட்டார். இணையத்தில் நான்கு பேர் நான்கு ஊரிலிருந்து பிரிட்ஜ் ஆடும் வழி அங்கேதான் பிறந்தது. ஆனால் கூட்டம் சேர்ந்தது பி.பி.ஓ.வில், காரணம் இலவசம். இன்றும் நான்கு மனிதர்கள் சாதாரண மேசையில் உட்கார்ந்து ஆடக் காசு கிடையாது. ரோபோவை அமர்த்த வேண்டுமானால் மட்டும் வாடகை. போட்டிகளுக்கும் பெரும்பாலும் கட்டணம் உண்டு. அதற்கென்று பி.பி. டாலர் என்று ஒரு பணம் வைத்திருக்கிறார்கள், ஒன்று ஓர் அமெரிக்க டாலர். சூதாட்டப் பணம் என்று பயப்படாதீர்கள், நுழைவுக் கட்டணம் போன்றதுதான்.

உங்கள் மூவருக்கும் முக்கியம் இதுதான்: நீங்களே ஒரு மேசையைத் திறந்து, யார் யார் எந்த நாற்காலியில் என்று பெயரிட்டு ஒதுக்கிவைக்கலாம். வேறு யாரும் வந்து உட்கார முடியாது. வேடிக்கை பார்ப்பவர்களையும் தடுக்கலாம். முகம் தெரியாதவரின் திட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

டேப்லெட்டில் ஆடுவதால் முதல் நாளே அமைப்புகளுக்குள் போய், ஏலத்துக்கும் (எத்தனை பிடி பிடிப்போம் என்று கேட்பது) சீட்டுக்கும் "உறுதிசெய்" என்பதை இயக்கிவிடுங்கள். விரல் தடுக்கி மூன்று நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்பது ஏழு நோ ட்ரம்ப் ஆகிப்போனால் அழுதாலும் வராது. திரும்பப் பெறும் பொத்தான் இருக்கிறது. ஆனால் எதிரிகள் சம்மதித்தால்தான் பலிக்கும்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் புதிதாக இருக்கும். மேசையில் உங்கள் கூட்டாளி வழக்கத்துக்கு மாறான ஏலம் கேட்டால் நீங்கள் எதிரிகளை எச்சரிப்பீர்கள். இணையத்தில் கேட்டவரே எச்சரித்து, பொருளையும் எழுத வேண்டும். அது எதிரிகளுக்கு மட்டும் தெரியும், கூட்டாளிக்குத் தெரியாது. இதை நினைத்துப் பாருங்கள்: கூட்டாளி நம் ஏலத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாரா என்பதை நம் விளக்கத்திலிருந்து அவர் தெரிந்துகொள்ளவே முடியாது. நேர் மேசையைவிட இது நியாயமான ஏற்பாடு என்பேன்.

தனியாட்டம்

ஐயா, ஆள் சேர்ப்பதே தொல்லை என்றால் ஃபன்பிரிட்ஜைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களுடையது. பி.பி.ஓ.வையும் 2018இல் அதே நிறுவனம் வாங்கிவிட்டது, அது வேறு கதை. இங்கே நீங்கள் தெற்கு, மற்ற மூவரும் ஆர்ஜீன் என்னும் ரோபோ. அதே சீட்டுகளை வேறு ஊர்களில் மற்றவர்களும் ஆடியிருப்பார்கள். உங்கள் மதிப்பெண் அவர்களோடு ஒப்பிடப்படும். அதாவது டூப்ளிகேட்.

நான் காலையில் பஸ்ஸில் ஏறியதும் ஏலம் கேட்பேன், இறங்கும்போது பாதியில் நிறுத்துவேன், மதியம் சாப்பாட்டு நேரத்தில் மீதி ஒன்பது பிடியை ஆடுவேன். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆகால், அமெரிக்க முறை, பிரெஞ்சு முறை, போலிஷ் கிளப் என்று ஏல முறையைத் தேர்ந்தெடுக்கலாம். சில ஆட்டங்கள் இலவசம், அதற்கு மேல் பணம். எனக்கு மனிதர்களோடு ஆடும் பொறுமை போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

பழைய_சீட்டு

மனிதர்களோடு ஆடும் பொறுமை போய்விட்டது என்று ஒருவர் எழுதுகிறார், இதுதான் நாம் வந்து சேர்ந்த இடம். பிரிட்ஜ் என்பது எதிரே இருப்பவர் சீட்டைப் போடுவதற்கு முன் அரை விநாடி தயங்கினாரே, அது ஏன் என்று யோசிக்கும் ஆட்டம். இணையத்தில் அந்தத் தயக்கத்துக்கு என்ன அர்த்தம்? குக்கர் விசில் அடித்திருக்கும்.

ஏமாற்றும் உண்டு. 2020இல் ஊரடங்கில் எல்லாப் போட்டிகளும் இணையத்துக்குப் போனதும் என்ன நடந்தது? பெரிய பெரிய ஆட்டக்காரர்களே இன்னொரு பெயரில் உள்ளே நுழைந்து தங்கள் மேசையையே வேடிக்கை பார்த்தார்கள். நான்கு கையும் தெரியும் அல்லவா? ஒப்புக்கொண்டவர்களும் உண்டு, தடை வாங்கியவர்களும் உண்டு. 27 ஆண்டுகள் ஒரே மேசையில் ஆடிய மனிதருக்கு இதையா பரிந்துரைக்கிறீர்கள்? ஆட்டோ வைத்து வடக்கின் வீட்டுக்குப் போங்கள் ஐயா. தரைத்தளத்தில் மேசை போடுங்கள்.

திருச்சி_தெற்கு

வடக்கின் வீடு இரண்டாம் மாடி. அவர் இறங்குவதே மருத்துவரைப் பார்க்கத்தான். டல்லாஸுக்கு ஆட்டோ போகாது.

ரொறன்ரோ_வடக்கு

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது ரொறன்ரோவில். நாங்கள் 304 என்னும் சீட்டாட்டம் விளையாடி வளர்ந்த ஆட்கள். பிரிட்ஜுக்கு வந்த புதிதில் என் மிகப் பெரிய சிக்கல் ஜாக்தான். 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ராஜாவுக்கு வெறும் 3. அந்தக் கணக்கு இரத்தத்தில் ஊறிவிட்டது. பிரிட்ஜில் கையில் இரண்டு ஜாக் வந்தால் இன்றைக்கும் மனம் துள்ளுகிறது, பிறகுதான் ஒன்றுக்கு ஒரு புள்ளி என்பது நினைவுக்கு வருகிறது.

பழைய சீட்டு அண்ணா சொல்வது உலகப் போட்டிக்குப் பொருந்தும். நான்கு நண்பர்கள் விளையாடும் மேசையில் யார் யாரை ஏமாற்றி என்ன வாங்கப் போகிறார்? இங்கே பனிக்காலத்தில் எங்கள் சீட்டாட்டம் முழுவதும் பி.பி.ஓ.வில்தான் நடக்கிறது. பக்கத்தில் வாட்ஸ்அப்பில் குழு அழைப்பைத் திறந்து வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டே ஆடுவோம். ஏலம் நடக்கும்போது மட்டும் வாயை மூட வேண்டும் என்று விதி. மீறினால் அடுத்த சந்திப்பில் கொத்து ரொட்டி அவர் செலவு.

முகம் தெரியாதவர்களோடு விளையாடுவது பற்றி ஒன்று. தங்கள் தரத்தை அவரவரே எழுதிக்கொள்ளலாம்: புதியவர், இடைநிலை, நிபுணர், உலகத் தரம். ஒரு தளத்தில் "நிபுணர்" என்று போட்டிருந்த ஒருவர் என் ஏஸை அவரே துருப்படித்தார். கூட்டாளியின் ஏஸை! அதற்குப் பிறகு என்னைத் திட்டிவிட்டுப் பாதியில் எழும்பிப் போனார்.

நேரத்தைக் கவனியுங்கள். உங்கள் இரவு 9 மணி எங்களுக்குக் கோடையில் காலை 11.30. டல்லாஸுக்கு 10.30. குளிர்காலத்தில் இங்கே மணியை மாற்றுவதால் ஒரு மணி நேரம் முந்திவிடும். இதை மறந்து நாங்கள் நவம்பரில் ஒரு மாதம் சண்டை பிடித்தோம்.

மூன்றாம்_கை

தனியாட்டம் தம்பிக்கு ஒரு வார்த்தை. ரோபோவைக் குறை சொல்லவில்லை, அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு ஆடுங்கள்.

பி.பி.ஓ.வின் ரோபோ ஜிப். மேத்யூ கின்ஸ்பெர்க் எழுதியது. 1998இல் கணினிகளுக்கான உலகப் போட்டியை வென்றது. அது யோசிக்கும் விதம் இப்படி: ஏலத்துக்குப் பொருந்துமாறு மறைந்திருக்கும் கைகளைக் கற்பனையாகப் பலமுறை பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு கையும் திறந்திருப்பதாக வைத்துக்கொண்டு, எந்தச் சீட்டு அதிகம் வெல்கிறது என்று பார்க்கிறது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நம்பும் ஒருவனுக்கு மறைக்கவும் தோன்றாது, சொல்லவும் தோன்றாது. அதனால் எதிராட்டத்தில் (ஏலத்தை வென்ற அணியைத் தடுத்து ஆடுவதில்) அது போடும் சின்னச் சீட்டில் பெரும்பாலும் செய்தி இருக்காது. நம் கூட்டாளி ஒன்பதைப் போட்டுவிட்டு அடுத்து மூன்றைப் போட்டால் நாம் ஏதோ புரிந்துகொள்வோம். ரோபோவின் ஒன்பது வெறும் ஒன்பது.

இரண்டு ஆண்டுகள் ரோபோக்களோடு மட்டும் ஆடிவிட்டு மனிதர் மேசைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிக்ளேரராக, அதாவது ஏலத்தை வென்று ஆடுபவராக, அபாரம். எதிராட்டத்தில் கண்ணைக் கட்டிவிட்டது போல் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று. பல ரோபோ போட்டிகளில் மேசையின் மிக நல்ல கை உங்களுக்கே வரும். என்னிடம் 14 புள்ளி என்றால் வேறு யாரிடமும் 14க்கு மேல் இல்லை என்று சீட்டு விழுவதற்கு முன்பே தெரியும். இனிப்பு மாத்திரை மாதிரி, உடனுக்குடன் மகிழ்ச்சி. ஆனால் 4 புள்ளிக் கையோடு ஒரு மணி நேரம் பொறுமையாகப் பாஸ் சொல்லி உட்கார்ந்திருப்பதும் இந்த ஆட்டத்தில் பாதி.

தனியாட்டம்

எதிராட்டம் பற்றிச் சொன்னது உண்மை, வலிக்கிறது. போன மாதம் அலுவலக நண்பர்களோடு நேரில் ஆடியபோது எதிரே இருந்தவர் கத்தியே விட்டார்: "எட்டைப் போட்டேனே, பார்க்கவில்லையா?" நான் எட்டு விழுந்ததையே கவனிக்கவில்லை.

ஆனால் ரோபோவுக்குக் கோபம் வராது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஐயாவுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: ஆட்டம் முடிந்ததும் பல தளங்கள் "இந்தக் கையில் இது சாத்தியம்" என்று ஒரு பட்டியல் காட்டும். நான்கு கையும் தெரிந்த கணினியின் கணக்கு அது. நான் ஒருமுறை நான்கு ஸ்பேட் ஆடினேன். துருப்பில் இரண்டு கையும் சேர்த்து ஒன்பது சீட்டு, ராணி மட்டும் இல்லை. எட்டென்றால் ஃபினெஸ் (ராணி ஒரு பக்கம் இருப்பதாக நம்பிச் சின்னச் சீட்டால் வெல்லப் பார்ப்பது), ஒன்பதென்றால் மேலிருந்து என்று எல்லாரும் படித்ததுதானே. ஏஸும் ராஜாவும் அடித்தேன். ராணி விழவில்லை, ஒரு பிடியில் தோற்றேன். பட்டியலோ "நான்கு ஸ்பேட் ஜெயிக்கும்" என்றது. அன்றிரவு தூக்கம் இல்லை. மறையாத நான்கு சீட்டு இரண்டு இரண்டாகப் பிரிய வாய்ப்பு 40.7 விழுக்காடு, மூன்றும் ஒன்றுமாகப் பிரிய 49.7. ஒற்றையாக ராணியே விழும் வாய்ப்பையும் சேர்த்தால் என் ஆட்டம்தான் மயிரிழையில் சரி. பட்டியலுக்கு அது தெரியாது. எங்கே ராணி இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஐந்து_கிளப்

"மறையாத" இல்லை, "மறைந்திருக்கும்". நான்கு சீட்டும் எதிரிகளிடம்தானே?

தனியாட்டம்

ஆமாம், கை தடுக்கிவிட்டது. இங்கே உறுதிசெய் பொத்தான் இல்லை.

டம்மி_அம்மா

எல்லாரும் ஒரு தளத்தை மறந்துவிட்டீர்கள். ரியல்பிரிட்ஜ். 2020இல் இங்கிலாந்தில் தொடங்கியது. உலாவியிலேயே திறக்கும், எதையும் பதிவிறக்க வேண்டாம். மேசையில் நான்கு பேர் முகமும் குரலும் உண்டு. நான் வியாழன்தோறும் சென்னையிலிருந்து ஓர் ஆங்கிலேயர் குழுவோடு ஆடுகிறேன். மகள் வழியாகக் கிடைத்த இடம். அங்கே எனக்கு 62 வயதில் "இளையவர்" என்று பெயர். ஒருவர் பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவார், பூனை வால் ஆடினால் அவரிடம் நல்ல கை என்று நாங்கள் கேலி செய்வோம். பழைய சீட்டு சொன்ன அரை விநாடித் தயக்கம், முகச்சுளிப்பு, பெருமூச்சு எல்லாம் அங்கே உண்டு.

குறை என்னவென்றால் தோன்றியபோது நுழைந்து ஒரு கை ஆடிவிட்டு வர முடியாது. ஒரு மன்றமோ ஆசிரியரோ அமர்வு ஏற்பாடு செய்ய வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. நால்வர் கூடும் மேசைக்குப் பி.பி.ஓ. வசதி. சிறிய மன்றமே திரும்பக் கூடுகிறது என்றால் இது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். திருச்சி ஐயா, உங்களுக்கு எதற்கு ரோபோ? உங்கள் முதல் பதிவை மறுபடி படியுங்கள். தேநீரோடு வந்து நின்று, ராணியை ஏன் இப்போதே செலவழித்தீர்கள் என்று ஒருவர் கேட்கிறாரே. அந்த ராணி எத்தனையாவது பிடியில் தேவைப்படும் என்பது தெரிந்தவர்தான் அப்படிக் கேட்க முடியும். பின்னால் நின்றே எத்தனை ஆண்டுகள் கற்றிருக்கிறார்? நான்காவது ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

பழைய_சீட்டு

இணையத்தை இன்னும் ஏற்கவில்லை. அம்மா சொன்னதை ஏற்கிறேன்.

நிர்வாகி

இடையில் ஒருவர் பணம் வைத்து ரம்மி ஆடும் செயலிக்கு இணைப்புக் கொடுத்திருந்தார், நீக்கிவிட்டேன். தொடருங்கள்.

திருச்சி_தெற்கு

டம்மி அம்மா, உங்கள் பதிவை அவளிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு, "1998இல் நீங்கள் ஆறு ஹார்ட் தோற்றீர்களே, அது ஜெயித்திருக்க வேண்டியது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கையை நானே மறந்துவிட்டேன்.

கேள்விகள் இரண்டு. ஒரே வீட்டில் இருவர் ஆடினால் ஒருவர் சீட்டு மற்றவருக்குத் தெரியாதா? அடுத்து, நாங்கள் ஆடுவது பழைய ஆகால். நான்கு சீட்டு மேஜர் (ஸ்பேடையும் ஹார்ட்டையும் நான்கு சீட்டிலேயே கேட்பது), பலவீன நோ ட்ரம்ப் (குறைந்த புள்ளியிலேயே கேட்பது). அவளும் அதைத்தான் பார்த்துப் பழகியிருக்கிறாள். இதற்கு அந்தத் தளம் இடம் கொடுக்குமா?

மூன்றாம்_கை

நான்கு பேரும் மனிதர்கள் என்றால் தளத்துக்கு முறையைப் பற்றிக் கவலையே இல்லை. நீங்கள் நால்வரும் பாண்டவரும் கூடி வகுத்த முறையாக இருந்தாலும் சரி. ரோபோவைச் சேர்த்தால்தான் சிக்கல்: ஜிப்புக்கு டூ ஓவர் ஒன் என்னும் ஏல முறை ஒன்றே வேதம், ஐந்து சீட்டு மேஜர்தான். உங்கள் ஆகால் அதற்குப் புரியாது.

உங்கள் வீட்டம்மாவுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் பி.பி.ஓ.விலேயே பிரிட்ஜ் மாஸ்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. டிக்ளேரராக ஆடும் புதிர்கள், ஐந்து நிலைகள். தவறாக ஆடினால் சீட்டுகள் எப்போதும் உங்களுக்கு எதிராகவே அமையும்படி எழுதியிருப்பார்கள், அதிர்ஷ்டத்தில் தப்பிக்க முடியாது. முதல் நிலையே சிலருக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

ரொறன்ரோ_வடக்கு

ஒரே வீட்டில் என்றால் வேறு வேறு அறை, ஐயா. கதவைச் சாத்துங்கள். நானும் மனைவியும் ஒரே சோபாவில் இருந்து ஆடினோம், எதிரெதிர் அணி. ஒவ்வொரு ஃபினெஸும் எனக்குப் பலித்தது. மூன்றாம் நாள் பிடிபட்டேன்; அவர் மூக்குக்கண்ணாடியில் சீட்டுகள் பிரதிபலித்தன.

திருச்சி_தெற்கு

நேற்று இரவு ஆடினோம். எழுதாமல் தூக்கம் வரவில்லை.

மேசையைத் திறந்து நாற்காலிகளை ஒதுக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. வடக்கு தன் பயனர் பெயரை இரண்டு முறை மறந்தார். மேற்கு டல்லாஸில் காலை இட்லியோடு வந்து உட்கார்ந்தார். முதல் மூன்று போர்டில் (ஆட்டத்தில்) யாருமே எச்சரிக்கைப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. நான்காவதில் மின்சாரம் போய், கைபேசியின் இணைப்பில் திரும்பி வந்தேன். என் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது, என் முறையும் அப்படியே.

நானும் வடக்கும் பழையபடி ஒரு அணி. அவள் மேற்கோடு. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழாவது போர்டில் நான் மூன்று நோ ட்ரம்ப் கேட்டேன், அவள் டபுள் சொன்னாள், அதாவது நான் தோற்பேன் என்று சவால். 41 ஆண்டு மண வாழ்க்கையில் இதுவரை என்னை இப்படி எழுத்தில் யாரும் டபுள் செய்ததில்லை. இரண்டு பிடியில் தோற்றேன். அவளுடைய கிளப் ராணி கடைசிப் பிடி வரை இருந்தது.

முடிந்ததும் போய்ப் பார்த்தேன். படுக்கையறை மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "கிழக்கு என்றால் காற்று உண்டு என்று சொன்னீர்களே" என்றாள்.

டம்மி_அம்மா

அடுத்த ஆட்டம் எப்போது? அந்த மேசையை வேடிக்கை பார்க்க ஓர் இடம் கொடுங்கள்.

திருச்சி_தெற்கு

சனிக்கிழமை இரவு 9 மணி. நான் சரி என்றேன். கிழக்கு, வேடிக்கை பார்ப்பவர்கள் வேண்டாம் என்கிறாள், பழைய சீட்டின் பதிவை அவளும் படித்துவிட்டாளாம்.